பரீட்சை நாளில் விக்கல் ராஜா

அந்த மருத்துவக் கல்லூரியில் விழா நடத்தக் கூடாது என்று யாரும் தடை போட்டதே கிடையாது. தேதி மட்டும்தான் போடுவார்கள். மாணவர்கள் விழாவுக்கு ஒரு நாளைக் குறிப்பார்கள். மறுநாளே அறுவை சிகிச்சைத் துறையின் பலகையில், அதே நாளில் வார்டுப் பரீட்சை என்று ஒரு தாள் தொங்கும். அவ்வளவுதான். பந்தல்காரருக்கு “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ணே” என்று போன் போகும். பாட்டுப் பயிற்சி எடுத்தவன் குளியலறையில் பாடித் தீர்த்துக்கொள்வான். அடுத்த வருஷமும் இதே கூத்துதான். சத்தமில்லாமல் கழுத்தறுப்பது ஒரு தனிக் கலை. அந்தத் துறைத் தலைவர் அதில் கரை கண்டவர்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பெரிய கத்தி. உண்மையிலேயே நல்ல கத்திதான். அவர் தைத்த வயிற்றைப் பார்த்தால் தையல்காரர்கள்கூடப் பொறாமைப்படுவார்கள். மருத்துவம் படிப்பவனுக்கு மருத்துவம் தவிர வேறு நினைப்பு வந்தால் கை நடுங்கும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவரே தலைவர், ஒருவரே தொண்டர். ஆனால் ஆட்சி மட்டும் கவிழ்ந்ததே இல்லை.

இந்த வருஷம் விழாச் செயலாளர் பொறுப்பு மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தலையில் விழுந்தது. வகுப்பில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேரம் என்றால்தான் திரும்புவாள். பாத்திரக் கடைக்காரர் மகள். கரண்டி வாங்க வந்தவரை அண்டாவோடு அனுப்பி வைக்கும் குடும்பம். விடுதிக்கு வந்த புதிதில் தன் அலமாரியைக் கொடுத்து மெத்தை வாங்கி, மெத்தையைக் கொடுத்து மின்விசிறி இருந்த மூலை வாங்கி, கடைசியில் மூலை, மெத்தை, அலமாரி மூன்றும் அவளிடமே இருந்தன. கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் தாங்கள்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்குப் பாடவும் தெரியாது, ஆடவும் தெரியாது. விழாமேல் வெறி வந்ததற்குக் காரணம் வேறு. போன வருஷம் அவள் வகுப்பில் ஒருவன் படிப்பே வேண்டாம் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் காலி செய்த அறையில் ஒரு புல்லாங்குழல் கிடந்தது. அவன் வாசிப்பான் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ‘ஒரே பிணத்தைச் சுற்றி நின்று ஒன்றாக அறுத்திருக்கிறோம், இது தெரியாமல் போயிற்றே’ என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம். கொஞ்ச நாளில் அந்த ஆத்திரம் பெரிய கத்தியின் பக்கம் திரும்பிக்கொண்டது.

இந்த முறையும் பலகையில் தாள் தொங்கியதும், அவள் நேராக அவர் அறைக்குப் போனாள்.

“வாம்மா. விழாவா? ஜோரா நடத்துங்க” என்றார், தலையைத் தூக்காமலே.

“அன்னைக்குப் பரீட்சை வச்சிருக்கீங்களே சார்.”

“ஆமா. அதையும் ஜோரா நடத்துவேன்.”

“விழாவை ஒரு வாரம் தள்ளிக்கட்டுமா சார்?”

“தாராளமா தள்ளிக்க. நானும் தள்ளிக்கறேன்.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. விலையே சொல்லாத கடைக்காரனிடம் என்ன பேரம் பேச முடியும்? இருந்தாலும் வெறுங்கையோடு படி இறங்கும் பழக்கம் அவள் வம்சத்தில் இல்லை.

“அப்போ நீங்க தடுக்கலைதானே சார்?”

“நான் ஏன் தடுக்கணும்? பேர் கூப்பிடறப்போ நோயாளி பக்கத்துல நீ நிக்கணும், அவ்வளவுதான். நிக்கலேன்னா கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லேன்னா வருஷக் கடைசிப் பரீட்சை கிடையாது. ஜூனியர் பசங்களோட உக்காந்து இன்னொரு தடவை படிக்க வேண்டியதுதான்.” இப்போதுதான் நிமிர்ந்தார். “நான் படிச்சப்போ ஆடிப் பாடினவங்க எல்லாம் இன்னைக்கு எங்க இருக்காங்க தெரியுமா?”

“எங்க சார்?”

“அதான் யாருக்கும் தெரியல!”

“சரி சார். நீங்க தடுக்கலைன்னு முதல்வர் சார்கிட்ட சொல்லிக்கலாமா?”

அவர் பேனா நின்றது. தடுத்தேன் என்று சொன்னால் இத்தனை வருஷத்துப் பெருமை போய்விடும். “சொல்லிக்கோ” என்றார், பல்லுக்கு நடுவிலிருந்து.

கல்லூரி முதல்வருக்குப் பெரிய கத்தியின் வாய் வார்த்தையே போதுமானதாக இருந்தது. ஒரே நிபந்தனைதான் போட்டார்: பக்கத்தில் வார்டு இருக்கிறது, மைக் கூடாது. “எங்க தொண்டை போதும் சார்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வகுப்பை நூலகப் படிக்கட்டில் கூட்டி வைத்துக்கொண்டு, முதலில் ஒரு கணக்குச் சொன்னாள். பரீட்சைக்கு வரிசை எண்படிதான் கூப்பிடுவார்கள். முன் எண்காரர்கள் மத்தியானத்துக்கு மேல் மேடை ஏறட்டும், பின் எண்காரர்கள் காலையில் ஏறட்டும். எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. சாயந்தரம் வரைக்கும் பிடித்திருந்தது. அதற்குள் பலகையில் இன்னொரு தாள் ஏறிவிட்டது: மாணவர்கள் வரிசைப்படி அழைக்கப்பட மாட்டார்கள்.

“போச்சு” என்றான் நெட்டை. நாடகத்தில் அவன்தான் ராஜா. “நடு சீன்ல என்னைக் கூப்பிட்டா என்ன பண்றது? கிரீடத்தை யார் தலையில வைக்கறது?”

“விழாவை விட்டுடலாம்” என்றது பின்படியிலிருந்து ஒரு குரல். “அடுத்த வருஷம்…”

“அடுத்த வருஷம்னு சொன்ன வாயில பிளாஸ்டர் போடுவேன்” என்றாள் பேரம். “வார்டுல டியூட்டி முடிஞ்சா என்னடா பண்றோம்? நோயாளியை அம்போன்னு விட்டுட்டா ஓடறோம்? வர்றவன்கிட்ட சொல்லிட்டுத்தானே போறோம்? யாரு, என்ன வயசு, என்ன உபத்திரவம், இதுவரைக்கும் என்ன பண்ணியிருக்கு, இனிமே என்ன பண்ணணும். ராஜாவும் அப்படித்தான். கூப்பிட்டா ஒப்படைச்சிட்டுப் போ.”

“யார்கிட்ட?”

“யார் சும்மா இருக்காங்களோ அவங்ககிட்ட. எல்லாரும் எல்லா வேஷமும் கத்துக்கணும்.”

நாடகத்தை எழுதியவன் வகுப்பிலேயே பெரிய தூங்குமூஞ்சி, பெயரும் அதுதான். தன் நாட்டில் யாருக்கும் நோய் வரக் கூடாது, வந்தால் சிறை என்று சட்டம் போட்ட ஒரு ராஜாவுக்கே விடாத விக்கல் வந்துவிடுகிறது. அதை அவர் ஊர் உலகத்துக்குத் தெரியாமல் மறைக்கப் பாடுபடுவதுதான் கதை.

ஒத்திகை நடந்த லட்சணத்தை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். ராஜா ஒரு தடவை விக்கினால் போதும், நாடகம் நின்றுவிடும். “இது உதரவிதான விக்கல் மாதிரியே இல்ல” என்பான் ஒருவன். “ஈரலைத் தட்டிப் பாத்தியா?” என்பாள் இன்னொருத்தி. ராஜாவைப் படுக்க வைத்து வயிற்றைத் தட்ட நாலு பேர் வந்துவிடுவார்கள். கைதி மயங்கி விழும் காட்சியில் ஐந்து பேர் பாய்ந்து நாடி பிடித்தார்கள். காவலாளி காலைத் தூக்கிப் பிடித்தான். “அவன் நடிக்கறான்டா எருமைகளா! அவனைச் சாகவாவது விடுங்க!” என்று கத்தியதில் தூங்குமூஞ்சிக்கே தூக்கம் போயிற்று.

அந்த வாரம் அப்பா போன் பண்ணினார். பின்னணியில் தட்டுகளை அடுக்கும் சத்தம்.

“விழா நடத்தறியாமே. என்ன லாபம்?”

“லாபம் எதுவும் இல்லப்பா.”

“நட்டம்?”

“கூப்பிடறப்போ நான் போகலேன்னா… ஒரு வருஷம் போயிடும்.”

தட்டுச் சத்தம் நின்றது. மகள் எப்போது டாக்டராவாள் என்பது அந்தக் கடைத்தெருவுக்கே மனப்பாடம். அப்பா அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

“கொஞ்சம் குறைச்சுக் கேட்டுப் பாத்தியாம்மா?”

“கேட்டேன். ஒரே விலைதான்ங்கறார்.”

“ஒரே விலைக் கடைப் படியை நாம மிதிக்கவே மாட்டோமே.”

“எனக்கு அந்தச் சாமான் வேணும்பா.”

அப்பா பெருமூச்சு விட்டார். “அம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.”

விழா நாள் வந்தது. வார்டுக் கட்டடத்துக்கும் வகுப்புக் கட்டடத்துக்கும் நடுவில் இருந்த முற்றத்தில் மேடை. மேல்மாடி வார்டின் வராந்தா அப்படியே அதற்கு நேர் எதிரில். வகுப்பில் பாதிப் பேர் அங்கே கட்டிலோரம் காத்திருக்க, மீதிப் பேர் இங்கே முகத்துக்குப் பவுடர் அப்பிக்கொண்டிருந்தார்கள். பேரத்துக்கு மந்திரி வேஷம். மந்திரி என்றால் மீசை வேண்டும். மீசை ஒட்டப் பசை வாங்க மறந்துவிட்டார்கள். ஆனால் கட்டுப் போடும் அறையில், பிளாஸ்டர் நழுவாமலிருக்கத் தோலில் தடவும் பிசின் ஒரு பாட்டில் இருந்தது. மருத்துவ மாணவர்களைத் தவிர வேறு எவனுக்கும் அந்த யோசனை வராது. அந்தப் பிசினை எதைக் கொண்டு எடுப்பது என்று எவனும் யோசிக்கவில்லை என்பது வேறு விஷயம். மீசை கன கம்பீரமாக உட்கார்ந்தது.

பாட்டு முடிந்து நாடகம் தொடங்கிற்று. முற்றத்தில் மற்றக் கல்லூரிப் பிள்ளைகள், நர்சுகள், நோயாளிகளைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள். “டாக்டருங்க நாடகமாம்டா, இலவசமா தூங்கலாம்” என்று ஒருவன் சொன்னது மேடைக்கே கேட்டது. நெட்டை சிம்மாசனத்திலிருந்து எழுந்து மந்திரியைப் பார்த்துச் சீறத் தொடங்கிய அந்த நேரம் பார்த்து, மேல்மாடி வராந்தாவிலிருந்து வார்டு சிஸ்டரின் குரல் வந்தது. அந்தக் குரலுக்கும் மைக் தேவையில்லை.

“நாப்பத்தொண்ணு! நாப்பத்தொண்ணு யாருப்பா? சார் கூப்பிடறார்!”

நாற்பத்தொன்று நெட்டைதான். திரைக்குப் பின்னால் நடக்க வேண்டிய ஒப்படைப்பு. ஆனால் திரையை இழுக்க வேண்டியவன் அதற்கு முன்பே மேலே போய்விட்டிருந்தான். நெட்டை நடுமேடையில் ஒரு கணம் விழித்தான். பிறகு பக்கவாட்டில் நின்றவனைக் கையைப் பிடித்து இழுத்து, கிரீடத்தை அவன் தலையில் கவிழ்த்துவிட்டு, வார்டில் நிற்பது போலவே நின்றுகொண்டு சொல்லத் தொடங்கினான்.

“ராஜா. ஆண். வயசு நாப்பத்தஞ்சு. காலைலேருந்து விக்கல், யார்கிட்டயும் சொல்லல. ராணியோட பேச்சுவார்த்தை இல்ல. தண்ணி குடுத்தாச்சு, பிரயோஜனமில்ல. இப்போ கடும் கோபத்துல இருக்கார். அடுத்து ஒரு கத்து கத்தணும், உடனே.”

வந்தவன் பழக்கதோஷத்தில் கேட்டான்: “ஒவ்வாமை ஏதாவது?”

“மந்திரி.”

 முற்றத்தில் எழுந்த சிரிப்பில் மரத்துக் காக்கைகள் பறந்தன. மேல்மாடியில் குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நோயாளிகூடச் சிரித்தார். நெட்டை மேடையிலிருந்து குதித்து, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான். புது ராஜா ஒரு கத்து கத்தினான். அதோடு நாடகத்தின் கதையே மாறிவிட்டது. ஜனங்கள் விக்கலுக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டு, சிஸ்டரின் குரலுக்குக் காத்திருக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ஆரவாரம். ராணி மாறினாள், கைதி மாறினான். தூங்கப் போவதாகச் சொன்ன பையன் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு, “சிஸ்டர், அடுத்து மந்திரியைக் கூப்பிடுங்க!” என்றான்.

சிஸ்டர் கூப்பிட்டார். பேரத்தின் எண்.

அவள் வேஷத்தைத் தூங்குமூஞ்சியிடம் ஒப்படைத்தாள். “மந்திரி. பொய் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போயிருக்கார். விழாவும் உன்கிட்டதான். எது நடந்தாலும் நிறுத்தாதே.” வெள்ளைக் கோட்டை வேஷத்துக்கு மேலேயே மாட்டிக்கொண்டு படி ஏறினாள். ஏறும்போதே மீசையைப் பிடித்து இழுத்தாள். மீசை வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

அவளுக்கு வாய்த்த நோயாளி ஒரு லாரி டிரைவர். கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

“டாக்டரம்மாவா, டாக்டரய்யாவா?”

“படிச்சு முடிச்சா அம்மாதான் அண்ணே. கழுத்தைக் காட்டுங்க.”

“இது என்ன கட்டின்னு சொல்லட்டுமா? காலைலேருந்து ஆளாளுக்குக் கேட்டு எனக்கே மனப்பாடம்.”

“வேணாம், நானே கண்டுபிடிக்கறேன். இந்தத் தண்ணியை ஒரு வாய் முழுங்குங்க.”

“அப்ப ராஜாவுக்கு விக்கல் நின்னுச்சா, அதையாவது சொல்லு. சத்தம் மட்டும்தான் வருது, ஒண்ணும் தெரியல.”

“இன்னும் நிக்கல. முழுங்குங்க.”

அவள் பின்னால் நின்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கையை நீட்டச் சொல்லி நடுக்கம் இருக்கிறதா என்று பார்த்தாள். நாடி எண்ணினாள். கீழே ஆரவாரம் எழும்போதெல்லாம் டிரைவர் தலையைத் திருப்ப, அவள் அதை நேராக்கி வைத்தாள். கை கொஞ்சமும் பதறவில்லை.

பெரிய கத்தி வந்து நின்றார். மீசையைப் பார்த்தார். நெடு நேரம் பார்த்தார்.

“என்ன இது?”

“மீசை சார். வரமாட்டேங்குது.”

“நோயாளி முன்னாடி இந்தக் கோலத்துல நிக்கறது ஒழுங்கீனம். உனக்குக் கையெழுத்து கிடையாதுன்னு இப்பவே சொல்ல முடியும்.”

“கூப்பிட்டீங்க, பக்கத்துல நிக்கறேன் சார். அது மட்டும்தானே கேட்டீங்க.”

கீழே மறுபடி ஒரு சிரிப்பு வெடித்தது. அவர் முகம் சுருங்கியது. குரலைத் தாழ்த்தினார். முதல் தடவையாக ஒரு விலை சொன்னார்.

“இதோ பார். நீ கெட்டிக்காரின்னு எனக்குத் தெரியும். ஒரு வருஷத்தை ஏன் பாழாக்கிக்கறே? இப்படியே கீழ போ. விழா முடிஞ்சதுன்னு உன் வாயால சொல்லிட்டு வா. கேஸ் கேக்கறேன், கையெழுத்துப் போடறேன். மீசையைக்கூடக் கண்டுக்க மாட்டேன்.”

மலிவுதான். அப்பா கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார். ஒரு வாக்கியம் சொன்னால் ஒரு வருஷம் மிச்சம்.  கடைத்தெரு முழுக்க அப்பா சொல்லி வைத்த தேதி அவள் கண்முன் வந்து போயிற்று. ஜூனியர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கப் போகும் தன் முதுகும் தெரிந்தது. அவர் இந்த ஒரு நாளை மட்டும் வாங்கவில்லை. இனி வரப் போகிற எல்லா வருஷத்தையும் மொத்த விலைக்குக் கேட்கிறார் என்பதும் தெரிந்தது. அதை இன்றைக்கு அவள் கொடுத்துவிட்டால், இனி எவளும் அவர் அறைக் கதவைத் தட்டப் போவதில்லை.

“கட்டுப்படியாகாது சார்” என்றாள்.

“என்னது?”

“நீங்க கேக்கற சாமான் விற்பனைக்கு இல்ல. கையெழுத்து வேண்டாம், வச்சுக்கோங்க.”

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். “அப்போ ஜூனியர்களோட இன்னொரு வருஷம். போகலாம்.”

“கேஸைச் சொல்லி முடிச்சிடறேன் சார்.”

“எதுக்கு? மார்க் கிடையாது.”

“அவர் இவ்வளவு நேரம் கழுத்தைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காரே.” அவள் கட்டிலோரம் நேராக நின்றுகொண்டு சொல்லத் தொடங்கினாள். “லாரி ஓட்டுநர். கழுத்துல வலப் பக்கம் ஒரே கட்டி. வலி இல்ல. முழுங்கறப்போ மேல ஏறுது, அதனால தைராய்டுலேருந்துதான் வருது. கை நடுக்கம் இல்ல, நாடி சீரா இருக்கு, குரல் மாறல. அடுத்து ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஊசியால திசு எடுத்துப் பாக்கணும்.”

“அதேதான்!” என்றார் டிரைவர். பெரிய கத்தி திரும்பிப் பார்த்ததும் போர்வையை இழுத்துக்கொண்டார்.  பெரிய கத்தி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். சரியாகச் சொன்னவளைத் தவறு என்று சொல்ல அவருக்கும் மனசு வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை.

அவள் படியிறங்கும்போது, பரீட்சை முடித்துவிட்டுக் கீழே மறுபடி ராஜாவாகியிருந்த நெட்டை, காட்சி இடைவெளியில் மேடைக்குப் பின்னால் நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

“போடலையா? அந்த ஆளு போடலையா? இரு, மிச்சம் இருக்கற ஒருத்தரும் மேல போக வேணாம்னு சொல்றேன். மொத்த வகுப்பையும் ஃபெயில் போடட்டும், பாக்கலாம்!”

“வாயை மூடு” என்றாள். “நான் விலை குடுத்து வாங்கியாச்சு. ஒரே சாமானுக்கு ரெண்டாவது தடவை விலை குடுக்கற முட்டாள் யாரும் நம்ம கூட்டத்துல வேணாம். கூப்பிடறவன் ஒவ்வொருத்தனும் மேல போகணும், ஒழுங்கா சொல்லணும், கையெழுத்தோட வரணும். அதுக்குத்தானே இவ்வளவு பாடு!”

“நீ ஜூனியர்களோட…”

“அதனாலென்ன? அடுத்த வருஷ விழாவுக்கு அந்த வகுப்புக்குள்ளேயே ஒரு ஆள் இருக்கும்.” சொல்லும்போது குரல் ஒரு இழை பிசிறியது. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் கையை நீட்டினாள். “கிரீடத்தைக் குடு.”

“உனக்கு ராஜா வேஷம் இல்லையே.”

“என்னை இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க. இன்னைக்கு இந்த மேடைக்கு விலை குடுத்த ஒரே ஆள் நான்தான். குடு. எந்த இடத்துல இருக்கு?”

நெட்டை கிரீடத்தைக் கழற்றினான். “சபை கூடியாச்சு. ராஜா இனிமே விக்கலை அடக்க முடியாத இடம்.”

அவள் கோட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு மேடை ஏறினாள். மந்திரி மீசையோடு ராஜா வருவதைப் பார்த்து முற்றம் ஆரவாரித்தது. மேல்மாடி வராந்தாவில் நோயாளிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். டிரைவரும் வந்து நின்றுவிட்டார். அவர்களுக்குப் பின்னால் வார்டு ஜன்னலில் ஒரு வெள்ளைக் கோட்டு அசையாமல் நின்றது. அவள் சிம்மாசனத்தில் உட்காரவில்லை. மேடையின் விளிம்பு வரைக்கும் வந்து, தலையை நிமிர்த்தி, மூச்சை நன்றாக இழுத்து, அந்தக் கட்டடத்தின் கடைசிக் கட்டில்வரை கேட்கும்படி விக்கினாள்.